மாருதி 800 வாட்டர் பம்ப்: ரிப்பேர் கிட் போதுமா, முழு பம்பே வாங்க வேண்டுமா?

மாருதி 800-க்கு வாட்டர் பம்ப் வேண்டும் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் கவுண்டருக்கு மூன்று சாமான் வரும். மாருதியின் சொந்த ஸ்பேரான எம்.ஜி.பி. முழு பம்ப் ஒன்று. வெளிக் கம்பெனிகள் செய்யும் முழு பம்ப் இன்னொன்று. மூன்றாவது, சின்ன பிளாஸ்டிக் உறையில் பேரிங், சீல், இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), கேஸ்கட் எல்லாம் அடங்கிய ரிப்பேர் கிட். விலை இதே வரிசையில் இறங்கும். கிட்டின் விலையைப் பார்த்ததும் பாதிப் பேருக்குக் கை அதன் பக்கம்தான் போகும்.

வீட்டு வாசலில் வைத்து நீங்களே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால் 800-க்கு முழு பம்பை வாங்குங்கள். கிட் வேண்டாம். கிட்டில் வரும் சாமான் மோசம் என்று சொல்ல வரவில்லை. பம்ப் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. 800, ஆம்னி இரண்டிலும் உள்ள 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினில் பம்பின் புல்லி மட்டும்தான் வெளியே தெரியும். அதைச் சுற்றுவது வெளியில் ஓடும் வி-பெல்ட். பம்பின் உடம்போ டைமிங் கவருக்கு உள்ளே, கிராங்க்கையும் கேமையும் ஒத்துச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் கிராங்க் புல்லி, டைமிங் கவர், டைமிங் பெல்ட், டென்ஷனர் எல்லாம் கழன்றாக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்குதான். கிட் போட்டு மிச்சம் பிடித்த காசு, இரண்டு மாதத்தில் சீல் ஒழுகி மறுபடி டைமிங்கைத் திறக்கும்போது ஒரு நாள் உழைப்போடு சேர்ந்து போய்விடும்.

பம்பைப் பிரிக்காதே, கோளாறு என்றால் முழுதாக மாற்று என்றுதான் சுசுகியின் சர்வீஸ் மேனுவலும் சொல்கிறது. சாமான் விற்பதற்காகச் சொல்வது என்று இதை ஒதுக்க முடியாது. காரணம் கீழே கிட் பற்றிப் பேசும்போது புரியும்.

முதலில், பம்ப்தான் போயிருக்கிறதா?

பம்பைக் குறை சொல்லும் முன் பத்து நிமிடம் பாருங்கள். பம்பின் உடம்பில் பேரிங்குக்கும் சீலுக்கும் நடுவே ஒரு சின்ன ஓட்டை உண்டு. சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடிய வேண்டும் என்பதற்காகவே வைத்த ஓட்டை அது. 800-இல் பம்ப் கவருக்குள் இருப்பதால் ஓட்டையை நேராகப் பார்க்க முடியாது. டைமிங் கவரின் அடி விளிம்பில் தண்ணீர் சொட்டும், அல்லது காய்ந்துபோன பச்சை, வெள்ளைத் தடம் தெரியும். சூடான இன்ஜினில் சொட்டு விழுவதற்கு முன்பே ஆவியாகிவிடும், தடம் மட்டும் மிஞ்சும். அதனால் தரையில் ஈரம் இல்லை என்பதை வைத்து பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். காலையில், வண்டி ஆறிய நிலையில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது பேரிங். இன்ஜினை அணைத்து, வி-பெல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிட்டு, பம்ப் புல்லியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கையில் உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் பேரிங் முடிந்தது. கையால் சுற்றும்போது மணல் அரைபடுவது போல் இருந்தாலும் அதே முடிவுதான். பெல்ட் இல்லாமல் இன்ஜினை ஒரு அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தால், சத்தம் நின்றதா இல்லையா என்று தெரிந்துவிடும். நின்றால் சத்தம் பம்ப் அல்லது ஆல்டர்னேட்டரில், நிற்காவிட்டால் உள்ளே வேறெங்கோ. அரை நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம், தண்ணீர் சுற்றாது.

மூன்றாவது வகைக் கோளாறுதான் ஏமாற்றும். ஒழுகல் இல்லை, சத்தம் இல்லை, ஆனால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது. இம்பெல்லரின் தகடு துருப்பிடித்துத் தேய்ந்திருக்கும், அல்லது ஷாஃப்ட்டில் இறுக்கம் விட்டு, ஷாஃப்ட் சுற்றும்போது இம்பெல்லர் சும்மா நிற்கும். ஆனால் இதே அறிகுறி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டுக்கும், அடைத்த ரேடியேட்டருக்கும், ஓடாத ஃபேனுக்கும் உண்டு. அந்த மூன்றையும் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு. அவற்றைப் பார்த்து முடித்த பிறகு டைமிங் கவரில் கை வையுங்கள். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். மூடியின் ரப்பர் வெடித்து 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்காவிட்டால், 118 டிகிரி வாக்கில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும். பம்ப் மேல் பழி விழும்.

ரிப்பேர் கிட்

கிட்டுக்குள் இருப்பவை: ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த துண்டு, கார்பன் சீல், அதற்கு எதிரே சுற்றும் செராமிக் வளையம், இம்பெல்லர், காகித கேஸ்கட். சில கிட்டுகளில் முன்பக்க ஹப்பும் (புல்லியைப் பூட்டும் துண்டு) வரும். ஹப் வராத கிட்டை வாங்கவே வேண்டாம். பழைய ஹப்பை ஒருமுறை புல்லரால் இழுத்து எடுத்தாலே அதன் உள் துளை ஒரு நூலளவு பெரிதாகிவிடும். திரும்ப அடித்தால் உட்காரும், ஆனால் பழைய இறுக்கம் இருக்காது. ஓடும்போது ஹப் ஷாஃப்ட்டில் நழுவினால் புல்லி முன்னால் நகர்ந்து பெல்ட்டைக் கிழிக்கும்.

கிட் போடும் வேலை எல்லாம் இறுக்கத்தின் கணக்கு. போல்ட் எதுவும் இல்லை, எல்லாம் அழுத்தி ஏற்றுவது. பிரிக்கும் முன் வெர்னியரால் இரண்டு அளவு எடுத்து எழுதி வையுங்கள்: பம்பின் கேஸ்கட் முகத்திலிருந்து ஹப்பின் முகம் வரை எவ்வளவு உயரம், அதே கேஸ்கட் முகத்திலிருந்து இம்பெல்லர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. இம்பெல்லருக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து அதையும் குறியுங்கள். இந்த மூன்று எண்ணும் இல்லாமல் பிரித்த பம்பைச் சரியாகக் கூட்ட முடியாது. ஹப் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நின்றால் பெல்ட் கோணலாக ஓடும். இம்பெல்லர் அதிகம் உள்ளே போனால் உடம்பில் உரசும். வெளியே நின்றால் தண்ணீரைத் தள்ளும் சக்தி குறையும், சீலின் ஸ்பிரிங்கும் போதிய அழுத்தம் கொடுக்காது.

பேரிங்கை ஏற்றுவதற்கு சுத்தியல் கூடாது. பம்ப் உடம்பு அலுமினியம், பேரிங் எஃகு. இந்த மாதிரி பம்ப் பேரிங்குகளின் வெளிவிட்டம் பொதுவாக 30 மி.மீ. உடம்பை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் அந்தத் துளை ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும். கைவிரலுக்குத் துணி சுற்றி எடுத்து, ஈரத்தைத் துடைத்து, நேராக வைத்து வைஸில் மெல்ல அழுத்தினால் பேரிங் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்துவது பேரிங்கின் வெளி வளையத்தில் இருக்க வேண்டும். அதே அளவு சாக்கெட் ஒன்றை இடையில் வையுங்கள். ஷாஃப்ட்டின் முனையில் தட்டினால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் போகும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். அன்றைக்கு நன்றாகவே சுற்றும், ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பிக்கும். கிட் போட்ட பம்ப் சீக்கிரம் போவதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

சீல் அதைவிடக் கூச்ச சுபாவம் உள்ளது. கார்பன் வளையமும் செராமிக் வளையமும் கண்ணாடி போல் மெருகேற்றிய இரண்டு முகங்கள். ஸ்பிரிங் அவற்றை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது, நடுவே கூலன்ட்டின் மெல்லிய படலம் ஒன்று எண்ணெய் போல் வேலை செய்கிறது. அந்த முகத்தில் விரல் பட்டால் அதைக் கெடுக்க விரலின் பிசுக்கே போதும், கிரீஸ் தடவினால் அதைவிட மோசம். சுத்தமான துணியால் பிடித்து, கூலன்ட்டில் நனைத்து மாட்டுங்கள். சீலின் வெளிக் கிண்ணத்தை அதன் விளிம்பில் மட்டும் பொருந்தும் பைப் துண்டை வைத்து அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் கார்பன் உடையும். உடைந்தது பூட்டிய பிறகு தெரியாது, தண்ணீர் ஊற்றும்போதுதான் தெரியும்.

கடைசியாக இம்பெல்லர். அதை ஏற்றும்போது ஷாஃப்ட்டின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், உடம்பையோ ஹப்பின் விளிம்பையோ தாங்கினால் அழுத்தம் மறுபடியும் பேரிங் குண்டுகளுக்கே போகும்.

இவ்வளவையும் வீட்டு வைஸில் செய்ய முடியுமா என்றால், முடியும். லேத் பட்டறையில் சின்ன பிரஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பம்ப் உடம்பே சரியில்லாவிட்டால் இத்தனை உழைப்பும் வீண். சீல் உட்காரும் துளையின் சுவரில் குழி குழியாக அரித்திருந்தால், அல்லது பேரிங் துளையில் பேரிங் சுற்றிய கோடுகள் தெரிந்தால், அந்த உடம்பைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். பசை தடவி ஒட்டிய பேரிங் நிற்காது.

கிட்டுக்கு ஏற்ற வண்டி எது என்று கேட்டால், 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர். அதில் பம்ப் இன்ஜினின் நெற்றியில் நான்கு போல்ட்டில் நிற்கிறது. டைமிங்கோடு அதற்கு ஒரு தொடர்பும் கிடையாது. ஃபேன், புல்லி, பெல்ட் கழன்றால் பம்ப் கைக்கு வந்துவிடும். கிட் ஒழுகினாலும் ஒரு காலை நேரம்தான் நஷ்டம். பழைய உடம்புகள் கனமான வார்ப்பு, இரண்டு மூன்று கிட் தாங்கும். அம்பாசிடர் வைத்திருப்பவர் கிட் வாங்கினால் அது நல்ல புத்தி. அதே புத்தியை 800-க்குக் கொண்டுவருவதில்தான் தப்பு.

வெளிக் கம்பெனி பம்பும் எம்.ஜி.பி. பம்பும்

வெளிக் கம்பெனி பம்புகளில் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. கார் கம்பெனிகளுக்கே பம்ப் செய்து கொடுக்கும் பெரிய தொழிற்சாலைகளின் பெட்டியும் சந்தையில் உண்டு, யார் செய்தது என்றே அச்சடிக்காத பெட்டியும் உண்டு. முதல் வகையைத் தைரியமாக வாங்கலாம். இரண்டாவது வகையின் பக்கம் போகாதீர்கள். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், ஊர், விலை, தயாரித்த மாதம் எல்லாம் அச்சாகி இருக்க வேண்டும். பம்பின் வார்ப்பிலேயே ஏதாவது பெயரோ குறியோ இருந்தால் இன்னும் நம்பலாம். எம்.ஜி.பி. வேண்டுமென்றால் மாருதி டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டரிலேயே பில்லோடு வாங்குங்கள். கம்பெனிப் பெட்டியைப் போலவே அச்சடித்த டூப்ளிகேட் பெட்டி எந்தச் சந்தையிலும் புழங்கும்.

பெட்டி எதுவானாலும் கவுண்டரிலேயே திறந்து பார்ப்பது உங்கள் உரிமை. பழைய பம்பைக் கழற்றிக் கையோடு கொண்டு போனால் வேலை பாதி முடிந்தது. இரண்டையும் அருகருகே வைத்து போல்ட் துளைகள், ஹப்பின் உயரம், இம்பெல்லரின் விட்டம், ஆழம், வாட்டம் எல்லாம் ஒப்பிடுங்கள். கார்புரேட்டர் வண்டியா எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டரால் பீச்சும்) வண்டியா, எந்த வருடம் என்று சொல்லிக் கேளுங்கள். ஆல்ட்டோ பம்பை எடுத்து வைத்து எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னால், பழைய பம்போடு பொருந்தும்வரை நம்ப வேண்டாம்.

பிறகு ஹப்பைக் கையால் சுற்றுங்கள். புது பம்ப் லேசாகக் கனத்துதான் சுற்றும், சீலின் பிடி அது. சுற்று முழுவதும் அந்தக் கனம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் விட்டால் ஷாஃப்ட் வளைவு அல்லது சீல் கோணல். இம்பெல்லர் உரசும் சத்தம் வரக்கூடாது. ஹப்பைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. கேஸ்கட் முகத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மேடு பள்ளம் உடனே தெரியும். கடைசியாக, வடியும் ஓட்டை திறந்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். மலிவான வார்ப்புகளில் இந்த ஓட்டை பெயின்ட்டாலோ வார்ப்பு மண்ணாலோ அடைத்திருப்பதுண்டு. அடைத்தால் ஒழுகும் தண்ணீர் நேராகப் பேரிங்குக்குள் போகும்.

எம்.ஜி.பி. பம்பில் இந்தச் சோதனைகளில் குறை கண்டுபிடிப்பது அரிது. விலை கூடுதல்தான், ஆனால் டைமிங்கைத் திறக்கும் வேலைக்கு அதுவே முதல் தேர்வு. பெயருள்ள வெளிக் கம்பெனி பம்ப் மேலே சொன்ன சோதனை எல்லாவற்றிலும் தேறினால், அதைப் போடுவதில் எந்தப் பயமும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் புது டைமிங் பெல்ட் வாங்கிவிடுங்கள்.

சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் பிரித்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பம்பும் கிடைக்கும். இதில் பேச அதிகம் இல்லை. உள்ளே சீல் காய்ந்து எத்தனை மாதம் ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் இல்லாமல் கிடந்த சீல், ஓடத் தொடங்கிய சில நாளில் ஒழுகும். கிட் போடுவதற்கு நல்ல உடம்பு வேண்டும் என்றால் மட்டும் அங்கே தேடுங்கள். புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கத்தில்தான்.

வீட்டில் மாட்டும்போது

முதல் தடவை செய்பவருக்கு ஒரு முழு நாள் வேண்டும். 8 முதல் 17 மி.மீ. வரை சாக்கெட், ரேச்சட், டார்க் ரெஞ்ச், ஜாக்கி, ஸ்டாண்டு, ஒரு தட்டை ஸ்கிரேப்பர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை விடாதீர்கள். பெல்ட் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினால் கிராங்க் புல்லிக்குக் கை போகும்.

ஆறிய இன்ஜினில், பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்து கூலன்ட்டை ஒரு பக்கெட்டில் பிடியுங்கள். அது தித்திப்பாக இருக்கும் விஷம். நாயோ குழந்தையோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து. தெருவில் ஊற்ற வேண்டாம்.

பம்ப் புல்லியின் போல்ட்டுகளை வி-பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்துங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு புல்லி கூடவே சுற்றும், போல்ட் அசையாது. கிராங்க் புல்லி போல்ட்டைத் தளர்த்தும்போது நான்காம் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். கழற்றும் போல்ட்டுகள் ஒரே நீளம் அல்ல. ஒரு அட்டையில் பம்பின் படத்தை வரைந்து, எந்தத் துளையில் எது இருந்ததோ அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டை குட்டைத் துளையில் முறுக்கினால் பம்ப் இறுகாது, துளைதான் வெடிக்கும்.

டைமிங் பெல்ட்டை எடுக்கும் முன் இன்ஜினைக் கையால் சுற்றி, கேம் பல்சக்கரத்தின் குறியையும் கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளியையும் அதனதன் எதிர்க் குறிக்கு நேராகக் கொண்டு வாருங்கள். வெள்ளை பெயின்ட்டால் நீங்களும் ஒரு குறி போட்டு, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பெல்ட் கழன்றதும் வால்வ் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் கேம் கொஞ்சம் திரும்பலாம். பயப்பட ஒன்றுமில்லை, பூட்டும்போது குறிக்குத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். அதுவரை கிராங்க்கைச் சுற்றாதீர்கள்.

பம்பின் 6 மி.மீ. போல்ட்டுகள்தான் இந்த வேலையில் மிகவும் வெறுப்பேற்றும். அலுமினிய உடம்பின் துளைக்குள் வெள்ளைத் துரு பிடித்து போல்ட்டை இறுக்கிக் கொண்டிருக்கும். முரட்டுத்தனமாக முறுக்கினால் தலை மட்டும் கையோடு வரும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். கழற்றும் முன் ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் திருப்பி, டக் என்று விட்ட பிறகு தளர்த்துங்கள். பம்ப் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள், அந்தக் கீறல் வழியாகத்தான் பிறகு ஒழுகும். மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும்.

பழைய கேஸ்கட்டை முழுவதும் சுரண்டி எடுங்கள். துணியை உள்ளே அடைத்துவிட்டுச் சுரண்டினால் துகள் தண்ணீர்ப் பாதையில் விழாது. புது காகித கேஸ்கட்டுக்கு இரண்டு பக்கமும் அனபான்ட் போன்ற சிலிக்கான் பசையை விரலால் தேய்த்த அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் போதும். புழு புழுவாகப் பிதுக்கினால் உள்பக்கம் வழிந்தது கழன்று ரேடியேட்டரின் குழாய்களில் போய் அடைக்கும். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில், 10 நியூட்டன் மீட்டர் வாக்கில் இறுக்குங்கள். கணக்குக்குச் சொன்னால், 10 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ தொங்கும் பாரம் அது. இதற்கு மேல் இறுக்கினால் ஒழுகல் நிற்பதில்லை, மரைதான் போகும். பம்பின் மேலும் கீழும் செருகி வரும் ரப்பர்த் துண்டுகளை மறக்காமல் திரும்ப வையுங்கள். டைமிங் பெல்ட்டுக்குத் தூசியும் தண்ணீரும் போகாமல் காப்பவை அவை.

இவ்வளவு திறந்த பிறகு பழைய டைமிங் பெல்ட்டையே போடுவது சரியில்லை. கூலன்ட்டோ ஆயிலோ பட்ட பெல்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம். டென்ஷனரையும் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் மாற்றுங்கள். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் கசிவு இருந்தால் இதுதான் மாற்ற வேண்டிய சமயம்.

புது பெல்ட்டை மாட்டி, டென்ஷனரின் ஸ்பிரிங் தானாக இழுக்கும்படி விட்டு, கிராங்க்கைக் கையால் வலஞ்சுழியாக இரண்டு முழுச் சுற்று சுற்றிய பிறகே டென்ஷனரை இறுக்க வேண்டும். மறுபடி குறிகளைப் பாருங்கள். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். சுற்றும்போது எங்காவது முட்டினால் அத்தோடு நிறுத்துங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம். வி-பெல்ட்டைக் கட்டைவிரலால் 10 கிலோ அழுத்தத்தில் அமுக்கினால் 6 முதல் 9 மி.மீ. இறங்க வேண்டும். சத்தம் வரக்கூடாது என்று வீணை நரம்பு மாதிரி இறுக்கினால் புது பம்பின் பேரிங் ஒரு பக்கமாக இழுபட்டுத் தேயும்.

பம்பைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான்

நம் ஊரில் பனி விழாது, எதற்குக் கூலன்ட் என்று போர் தண்ணீரை ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. உறைபனியே இல்லாத ஊராக இருந்தாலும் 70 பங்கு தண்ணீர், 30 பங்கு எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் ஊற்ற வேண்டும், துருவைத் தடுக்கவும் உராய்வைக் குறைக்கவும் அது தேவை என்று சுசுகி மேனுவலே சொல்கிறது. மேலே சொன்ன கார்பன், செராமிக் முகங்களுக்கு நடுவே இருக்கும் படலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே உப்புத் தண்ணீர் போனால், சூட்டில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் படிந்து, உப்புத்தாள் போல இரண்டு முகத்தையும் தேய்க்கும். ஒழுகலை நிறுத்தும் என்று ரேடியேட்டரில் கொட்டும் பவுடரும் இதே வேலையைத்தான் செய்யும்.

800-க்கு 4 லிட்டர் கலவை தயார் செய்தால் போதும். அடர் கூலன்ட் 1.2 லிட்டர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 2.8 லிட்டர். கேனில் கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றுங்கள்.

ஊற்றுவதற்கும் பொறுமை வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து மெல்ல ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். நிரம்பிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் சும்மா ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பது புது சீலைச் சில நொடியில் கருக்கிவிடும். வண்டி நின்றபடி ஓடட்டும், தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்பி மூடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை முள்ளைப் பாருங்கள். ஆம்னியில் ரேடியேட்டர் முன்னாலும் இன்ஜின் சீட்டுக்கு அடியிலும் இருப்பதால் நடுவே நீளமான பைப் ஓடுகிறது. கூலன்ட்டும் கூடுதலாகப் பிடிக்கும், காற்று வெளியேறவும் கூடுதல் நேரம் ஆகும்.

முதல் நாள் ஓட்டத்தில் வடியும் ஓட்டை வழியாக ஒன்றிரண்டு சொட்டு வருவது சீல் தன்னைப் பொருத்திக்கொள்வதுதான். மறுநாளும் தொடர்ந்தால் பம்பைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், பில் அதற்குத்தான். மறுநாள் காலை வண்டி ஆறிய பிறகு ரிசர்வ் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். புது வி-பெல்ட் கொஞ்சம் நீளும், அதனால் ஒரு வாரம் கழித்து அதன் இறுக்கத்தை ஒருமுறை பார்த்துச் சரி செய்யுங்கள்.